நரிக்குப் போன சாப்பாடு

துவைத்துக் காயப்போட்ட வேலைச் சீருடை கொடியிலிருந்து இழுபட்டுப் புல்லில் கிடந்தது. எடுத்து உதறியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதன்மேல் ஏதோ ஒன்று மூத்திரம் பெய்திருக்கிறது என்று. நாயும் இல்லை, பூனையும் இல்லை. கருகிய ரப்பரும் அழுகிய பூண்டும் சேர்ந்து வெயிலில் வெந்த மாதிரி ஒரு வீச்சம். சீருடையை இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. உங்க விருந்தாளி பண்ணியிருக்குற வேலைய."

பின்னறை ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கணவனுடையது. இன்னொன்று அவனுடைய அக்காவுடையது. இரண்டு பேரும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"வாயில்லா ஜீவன்மா. அதுக்கு என்ன தெரியும்?" என்றான் கணவன்.

"வாயில்லையா? அதுக்கா? என் செருப்ப ரெண்டா கிழிச்சது எதை வச்சு?"

அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கொதிநீராவியில் வைத்து எடுத்து அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நாள் முழுவதும் அடுத்தவர்களின் ரத்தமும் சீழும். அதனாலோ என்னவோ அழுக்கு என்றாலே அவளுக்கு உடம்பு கூசும். மூடி வைத்த தட்டைத் திறக்காமலே இது எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை மோப்பக்காரி என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை.

நரி விவகாரம் நாத்தனார் வந்த பிறகு ஆரம்பித்தது. நாத்தனார் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்று சிரித்தே வேலைக்காலத்தை முடித்தவர். வந்தவனெல்லாம் தனக்கென்றே அந்தச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு போவானாம். ஓய்வுபெற்ற பிறகும் உதட்டுச் சாயம் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். கணவர் போய்ச் சேர்ந்துவிட, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். படியில் கால் வழுக்கிக் கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டோடு மாடி ஏற முடியாது என்பதால் தம்பி வீட்டுக்கு வந்தார். கீழே பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தோட்டம். தோட்டத்தின் மூலையில் பழைய டயர்கள் அடைத்த ஒரு மரக்கொட்டகை. அதற்கடியில்தான் நரிகள் குடியிருந்தன.

முதல் வாரமே நாத்தனார் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, ஓடிவா! நரிடா!"

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது கணவனின் தொழில். நாளெல்லாம் தப்பும் தவறுமாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறவன். அவனுக்கு அது பெரிய ஆறுதலாகிவிட்டது. பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அக்காவின் ஜன்னலில் போய் நின்றுகொள்வான். பெண் நரிக்கு மகாராணி என்று பெயர் வைத்தார்கள். வாலில் ரோமம் உதிர்ந்து, சொறி பிடித்து, தோல் எலிவால் மாதிரி தெரிந்த ஆண் நரி, மாப்பிள்ளை. எலும்புத் துண்டைப் போட்டால் மாப்பிள்ளை ஜன்னலடிவரை வரும். கணவன் அதன் சொறியைக்கூட நெருங்கி நின்று படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான்.

"பாவம்டி. எப்படிப் பாக்குது பாரு."

"பாத்தேன். புண்ணுல ஈ மொய்க்குது."

"நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்லுவாங்க."

"உங்களுக்கு யோகம். அது பேண்டத யாரு அள்ளுறது?"

அவள்தான் அள்ளினாள். வாசல் மிதியடியில், தண்ணீர்க் குழாயின் மேல், கணவனின் ஷூவுக்குள்ளே. நரிக்கு உயரமான இடமாகப் பார்த்து, ஏதோ கொடி நாட்டுவது மாதிரி, பேண்டு வைப்பதில் அப்படி ஒரு பெருமை. ஒருநாள் பூந்தொட்டியைக் கிளறினாள், புழு நெளியும் கோழிக்கால் வந்தது. ஒருநாள் துணிக்கொடிக் கம்பத்தடியில் தலையில்லாத புறா. இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியிலிருந்து இழுத்து வந்து கிழித்துப் பரப்பியிருந்த குழந்தையின் டயப்பர். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஜன்னலுக்குக் கீழே புல்லில் சில நாட்களாக வேறு ஒன்றும் கிடந்தது. நசுங்கிய, சப்பிய, வெளுத்த இறைச்சி உருண்டைகள். மகாராணி குட்டிகளுக்காகக் கக்கிப் போட்டது என்று நாத்தனார் விளக்கினார். "குட்டிங்களுக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் அப்படித்தான் ஊட்டுமாம்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பிறகு நாற்றம் வீட்டுக்குள்ளேயும் வந்தது.

இது மூத்திர வீச்சம் இல்லை. இனிப்பாக, கனமாக, தொண்டைக்குழியில் போய் உட்கார்ந்துகொள்கிற நாற்றம். பின்னறைக்குப் போகும் நடையில்தான் அதிகம். திரைச்சீலைகளைத் துவைத்தாள். சாக்கடைக் குழாயில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தாள். நரி தரைக்கடியில் எதையோ கொண்டுவந்து போட்டு அழுக விட்டிருக்கிறது என்று முடிவு கட்டினாள். நாத்தனாரும் "ஆமாம்மா, எனக்கும் வருது" என்று சொல்லி, அறை முழுக்க வாசனைத் தைலம் தெளித்துக்கொண்டார். கணவன் மட்டும் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "உன் மூக்குக்கு வேற வேலை இல்ல" என்றான்.

அவளுக்கு ஒரே ஆறுதல் நாத்தனாரின் தட்டு. கால் சரியில்லாததால் சாப்பாடு அறைக்கே போனது. வறுத்த கறி, வேகவைத்த முட்டை, காய், எது வைத்தாலும் தட்டு துடைத்து வைத்தது மாதிரி திரும்பி வரும்.

"இன்னைக்குக் கறி பஞ்சு மாதிரி இருந்துச்சும்மா. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அண்ணி என்று கூப்பிடும் இந்த நாத்தனார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அதனால் அவள் இன்னும் கொஞ்சம் கூடவே வைத்தாள். அவ்வளவு சாப்பிட்டும் நாத்தனாரின் மோதிரங்கள் விரலில் தானாகச் சுற்றின, சட்டை தோளிலிருந்து சரிந்தது. "அக்கா இளமையாயிட்டே போகுது" என்று தம்பி மெச்சினான். அக்கா உதட்டை மூடியபடி சிரித்தார்.

ஒருநாள் அவளுக்கு விடுமுறை. கணவன் காலை வகுப்புக்குப் போயிருந்தான். நடுப்பகலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கம் குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. ஒன்றின் வாயில் என்னவோ இருந்தது. மற்றது அதைப் பிடுங்கப் பார்த்தது. முதல் குட்டி திரும்பி அவளை நேராகப் பார்த்தது.

நரிக்குட்டி சிரித்தது. அழகான, வரிசையான, வெள்ளை வெளேரென்ற மனுஷப் பல்லோடு, ரோஜா நிற ஈறோடு சிரித்தது.

அவள் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. குட்டி அந்தச் சிரிப்போடு கொட்டகைக்கடியில் நுழைந்து மறைந்தது. அதே நேரம் பின்னறையில் நாற்காலி உருளும் சத்தமும், யாரோ வயசான கிழவியின் குரலும் கேட்டன. அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் கிடையாது.

உள்ளே ஓடினாள். நாத்தனார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். கையால் வாயை மூடியிருந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு டிஷ்யூ காகிதம் மட்டும் கிடந்தது, ஈரமாக.

"அண்ணி, என்ன ஆச்சு?"

கைக்குப் பின்னாலிருந்து காற்றோடு கலந்து பேச்சு வந்தது. "வச்சிருந்தேன்... வலிக்குதேன்னு கழட்டி வச்சேன்... தூக்கிட்டுப் போயிடுச்சு."

"பல் செட்டா? உங்களுக்கா?"

"தம்பிக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அவன் வர்றதுக்குள்ள எடுத்துக் குடும்மா. உன் கால்ல விழுறேன்."

அந்த அண்ணி அவளிடம் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, தோட்டத்துக்குப் போனாள்.

கொட்டகையின் பலகைத் தளம் செங்கல் மேல் நின்றது. அடியில் ஒரு முழ இடைவெளி. குப்புறப் படுத்தால்தான் கை எட்டும். மகாராணி வேலியோரம் நின்று தொண்டைக்குள் உறுமியது. அவள் ஒரு செங்கல் துண்டை எடுத்துக் காட்டினாள். அது நகரவில்லை, பாயவும் இல்லை.

மொபைல் வெளிச்சத்தை அடித்து எட்டிப் பார்த்தாள். குட்டிகள் மூலையில் ஒடுங்கிக்கொண்டன. முன்னால் ஒரு குவியல். புறாச் சிறகுகள், கணவனின் தொலைந்துபோன ஷூ, ஒரு பச்சைக் குழந்தையின் காலுறை, காய்ந்த டயப்பர். நாற்றம் துணிக்கட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. கண் எரிந்தது. கையை விட்டுத் துழாவினாள். வழவழவென்று ஏதோ உருண்டது. இழுத்தாள். முட்டை. உரித்து, நடுவில் கீறி, மிளகுத்தூள் தூவிய வேகவைத்த முட்டை, பச்சை பூத்திருந்தது.

மறுபடி கையை விட்டாள். கோழித் துண்டு. இன்னொன்று. எலும்பு அல்ல, முழுத்துண்டுகள். அவள் வெட்டிய வெட்டு அவளுக்குத் தெரியாதா? போன வாரத்துக் கறி. அதற்கு முந்தைய வாரத்துக் கறி. நரிகள் தின்று தீர்க்க முடியாமல் புதைத்து வைத்தவை. இடையிடையே அந்தச் சப்பிய உருண்டைகள். அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். நரி கக்கியது அல்ல அது. ஒரு மனுஷி வாயில் போட்டு, மெல்லப் பார்த்து, முடியாமல் துப்பியது.

அவள் துணிக்கட்டை இழுத்து விட்டு அங்கேயே வாந்தி எடுத்தாள். மகாராணி அதையும் ஆர்வமாகப் பார்த்தது.

பல் செட்டு ஷூவுக்குள் கிடந்தது. அதன்மேலும் நரி தன் கொடியை நாட்டியிருந்தது.

சமையலறைக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. தோட்டக் குழாயடியில் உட்கார்ந்து கழுவினாள். சோப்பு, தூரிகை, வெந்நீர், மறுபடி சோப்பு. இது அவள் தொழில். கை தானாக வேலை செய்தது. இடது பக்கம், ஈறில் படியும் இடத்தில், மஞ்சளாக ஒரு பிசின் ஒட்டியிருந்தது. நரி எச்சமில்லை. தூரிகையால் தேய்த்ததும் அது வாடையை விட்டது. இனிப்பான, கனமான வாடை.

கை நின்றுவிட்டது. நடையில் வந்த நாற்றம். பல் பிரிவிலிருந்து வரும் தட்டுகளில் இது எத்தனை தடவை வந்திருக்கிறது! மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாளே, சீழ் என்று. நரி என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டதால் அதற்குப் பிறகு மோந்துகூடப் பார்க்கவில்லை. தன் மூக்கை அறுத்து எறியலாம்போல இருந்தது அவளுக்கு.

பின்னறைக்குப் போனாள். "வாயத் திறங்க அண்ணி."

"முதல்ல அதக் குடு."

"திறங்கன்னா திறங்க."

நாத்தனார் திறந்தார். அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். நாக்குக்குப் பக்கத்தில் ஈறு கறுத்து, பிளந்து, உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. எலும்பாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இங்க வர்றதுக்கு முன்னாலயே கொஞ்சம் உறுத்திச்சு. அப்புறம் மெல்லவே முடியல. பாலும் டீயில நனைச்ச பிஸ்கட்டும்தான்."

"என்கிட்ட கஞ்சி வேணும்னு கேட்டிருக்கலாமே!"

"கேட்டா ஏன்னு கேப்ப."

"நான் வச்ச சாப்பாடு அத்தனையும் அந்தச் சனியனுக்குப் போட்டுட்டு, பஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே. வெக்கமா இல்ல?"

"வெக்கம்தான்," என்றார் நாத்தனார். "வெக்கப்பட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்தேன்." கையை நீட்டினார். "குடும்மா. மாட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட வர்றேன். இப்படியே தெருவுல எப்படி வருவேன்?"

"தரமாட்டேன். புண்ணுமேல இத மாட்டவிட்டா என்னை வேலையவிட்டுத் தூக்கணும்."

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டுக்குக் கணவன் வந்துவிட்டான். "அக்கா, இன்னைக்குக் குட்டிங்க வெளிய வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். நாத்தனாருக்கு முகத்தை மறைக்க நேரமில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தொடப்போகிற முகம். வாய் திறந்திருந்தது. நாற்றம் அறையில் நிறைந்திருந்தது.

"அக்காவா?" என்றான்.

மனைவி சுருக்கமாகச் சொன்னாள். வாயில் புண், சீழ் வைத்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காரை எடுங்கள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், ஆனால் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பியிருந்தான். கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

"எனக்கு ஒரு மாதிரி வருது. நீ ஆஸ்பத்திரிக்காரி, உனக்குப் பழக்கம். நீயே கூட்டிட்டுப் போயிடேன்." கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

இதுவரை அவள் பட்ட குமட்டல் எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. நரி நாற்றமும் புழு நெளிந்த கோழிக்காலும்கூட இப்படி அடிவயிற்றிலிருந்து புரட்டவில்லை. சொறிநரியின் புண்ணை நெருங்கி நின்று படம் பிடித்த மனிதன்! அவள் அவன் பக்கம் திரும்பாமலே சாவியை எடுத்துக்கொண்டாள். நாத்தனாரும் அவன் போன திசையைப் பார்க்கவில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கூரையில் பயிற்சிப் பலகை வைத்த அந்தக் காரில் ஏற்றி, அவளே ஓட்டினாள். வழியெல்லாம் பின்னால் வந்தவர்கள் கற்றுக்குட்டி என்று நினைத்து விலகிப் போனார்கள்.

"நம்ம மேல எவ்வளவு மரியாதை பாரு," என்றார் நாத்தனார் சால்வைக்குள்ளிருந்து. இந்த நிலைமையில் ஒரு பேச்சு! அவளுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது.

பல் மருத்துவர் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். பொருந்தாத செட்டு அழுத்தி அழுத்தி ஈறு செத்துப்போய், தாடை எலும்பு வரைக்கும் சீழ் இறங்கியிருக்கிறது. செத்த எலும்புச் சில்லை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். புதுச் செட்டு இப்போதைக்குக் கிடையாது. மிச்சப் புண் உள்ளிருந்து ஆறி வரும்வரை தினமும் உப்புத்தண்ணீரால் கழுவி, பஞ்சுத்துணியால் துடைத்து, மருந்து வைக்கவேண்டும்.

வீட்டில் அது அவள் வேலையாயிற்று. வேலையிலிருந்து வந்ததும் கை கழுவி, கையுறை மாட்டி, நாத்தனாரின் மோவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவாள். ஆஸ்பத்திரியில் அவள் கைக்கு வருவது இரும்பு. இது சதை. சூடாக இருந்தது, எச்சில் ஒழுகியது, தொட்டால் துடித்தது. பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள்.

ஒருநாள் நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "உண்மையச் சொல்லு. அருவருப்பா இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"அப்புறம் எதுக்குச் செய்யுற? நர்ஸ் யாரையாச்சும் வச்சுக்கலாமே."

"வாய மூடாதீங்க அண்ணி. மருந்து வழியுது."

ஜன்னலிலிருந்து சாப்பாடு விழுவது நின்றதும் நரிகள் சில நாள் வந்து வந்து பார்த்தன. மாப்பிள்ளை ஜன்னல் பலகையில் முன்காலை வைத்து எட்டிப் பார்த்தது. நாத்தனார் ஆசையாகப் பார்த்தார், ஆனால் ஒன்றும் போடவில்லை. குட்டிகள் ஓடத் தெரிந்ததும் ஒருநாள் எல்லாமாகக் கிளம்பிப் போய்விட்டன. அவள் ஆளை விட்டுக் கொட்டகையைத் தூக்கி, அடியில் இருந்ததை எல்லாம் வாரி எடுத்து, குழியில் சுண்ணாம்பைக் கொட்டி மூடினாள். கணவனுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. தோட்டமே வெறிச்சென்று போய்விட்டது என்றான்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு நாத்தனார் முதல் தடவையாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். உதட்டுச் சாயம் போடவில்லை. போட உதடு வெளியே இல்லை. மசித்த காயும் குழைந்த சோறும் கிண்ணத்தில் இருந்தன. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, ஈறால் நசுக்கினார். சளக், சளக் என்று சத்தம் வந்தது. ஓரத்தில் வழிந்ததை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டார். மோப்பக்காரி தன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

கணவன் ரெண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாயில் தட்டோடு எழுந்தான்.

"எங்க போறீங்க?"

"நரி ஏதாச்சும் வருதான்னு பாத்துட்டு வர்றேன். இந்த நேரத்துக்குத்தான் வரும்."

அவள் எழுந்து போய் அவன் கையிலிருந்த தட்டை வாங்கினாள். அவன் விடவில்லை, அவளும் விடவில்லை, சோறு கொஞ்சம் தரையில் சிந்தியது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அவன் இடத்தில் அல்ல, நாத்தனாருக்கு நேர் எதிரில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

"ஏய், எனக்கு வயித்தப் பொரட்டுதுடி," என்றான் தணிந்த குரலில், அக்காவுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

"எனக்குந்தான் பொரட்டுது. உக்காருங்க. நிமிந்து பாத்துச் சாப்பிடுங்க."

அவன் உட்கார்ந்தான். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உப்பு ஜாடியைப் பார்த்தான், பிறகு தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். நாத்தனார் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்து, நன்றாகவே சத்தம் போட்டு நசுக்கி விழுங்கினார்.

"டேய் தம்பி," என்றார். "காய்ல உப்புக் கம்மி. அந்த ஜாடிய இங்க தள்ளு."

அவன் ஜாடியை எடுத்து நீட்டினான். நீட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.